நிலம் நெருங்கும்போது: பாய்ப்படகில் கிழக்குக் கரைக்கு வரும் புதியவர்களுக்கு

மலேசியாவின் லங்காவியிலிருந்தோ தாய்லாந்தின் புக்கெட்டிலிருந்தோ யாட் எனப்படும் பாய்ப்படகில் ஏறி, வங்காள விரிகுடாவைக் கடந்து திருகோணமலைக்கு வருவது சுமார் 1100 கடல் மைல் பயணம். ஐந்து, ஆறு நொட் (மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நொட்) வேகத்தில் ஓடும் படகுக்கு எட்டு ஒன்பது நாள் எடுக்கும். காற்று படுத்தால் இன்னும் கூடும். இப்படியான படகொன்றில் முதல் தடவையாக வேலைக்கு ஏறப்போகும் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பாய்மரத் தொழில் நமக்குப் புதிதல்ல. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி நம்மவர்கள் செலுத்த 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. ஆனால் இன்றைய பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஊரில் ஆள் குறைவு.

புதியவர்கள் எல்லோரும் நடுக்கடலை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். நடுவில் அடிக்கடல் மூவாயிரம் மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அங்கே படகு தட்டுவதற்குத் தரையே இல்லை. பாறையும் மணலும் உடையும் அலையும் வலையும் எல்லாம் கரையோரத்தில்தான் இருக்கின்றன. அங்கே வந்து சேரும் நேரம் பார்த்து உடம்பும் களைத்திருக்கும், மனமும் வீட்டுக்குப் போய்விட்டிருக்கும். அதனால் கடைசி மூன்று நாளுக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்த மூன்று நாள் பற்றியது.

எங்கே இறங்குவது

புறப்படும் முன்பே இதைத் தீர்மானிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பாய்ப்படகு குடிவரவு, சுங்கச் சோதனை முடிக்கக் கிழக்குக் கரையில் போக வேண்டிய இடம் திருகோணமலை. மட்டக்களப்பு அல்ல. ஊர் கண்ணுக்குத் தெரிகிறது, இங்கேயே இறங்கிவிடுவோம் என்ற ஆசை வரும். சட்டப்படியும் முடியாது, கடலும் விடாது.

பாலமீன்மட்டு முகத்துவாரத்தை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். மாரி மழையில் வாவி நிறைந்து மணலைத் தள்ளிக்கொண்டு வாய் திறக்கும். கோடையில் மணல் மறுபடி மூடும். அடித்தரை இடம் மாறிக்கொண்டே இருப்பதால் எந்த வரைபடத்தையும் நம்ப முடியாது. நமது மீனவர்கள் அலையை எண்ணி, சின்ன ஃபைபர் போட்டில் பாய்ந்து உள்ளே வருவார்கள். இரண்டு மீட்டர் ஆழத்துக்கு அடிக்கட்டை இறங்கிய பாய்ப்படகுக்கு அது வழி அல்ல. ஒலுவில் துறைமுகம் 2013 இல் திறக்கப்பட்டாலும் அதன் வாயிலை மணல் மூடும் பிரச்சினை ஓயவில்லை. வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகம். அதுவும் வெளிநாட்டிலிருந்து வரும் படகு முதலில் பதியும் இடம் அல்ல.

1602 மே 31 ஆம் தேதி ஒல்லாந்தக் கடலோடி யோரிஸ் வான் ஸ்பில்பெர்கன் மட்டக்களப்பில்தான் வந்து இறங்கினார் என்று சிலர் சொல்வார்கள். உண்மை. ஆனால் அது மே மாதம். சோளகம் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் நமது கரை நிலத்தின் மறைவில் இருக்கும், கடல் தணிந்திருக்கும். நீங்கள் வரப்போவது பெரும்பாலும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில், வாடை எனப்படும் வடகிழக்குக் காற்றைப் பிடித்துக்கொண்டு. அப்போது காற்றும் அலையும் நேராகக் கரையைப் பார்த்து வரும். ஜனவரியைவிடப் பெப்ரவரிக் கடைசியும் மார்ச்சும் நல்லது. நவம்பரில் வரவே வேண்டாம். 1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பை என்ன செய்தது என்று வீட்டில் வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கரைக்கு 400 மைல் இருக்கும்போது

கடலும் காற்றும் அமைதியாக இருக்கும் ஒரு காலை நேரத்தைப் பார்த்து இந்த வேலைகளை முடியுங்கள். கரைக்கு வந்த பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போட்டவை கரைக்கு வரும்போதுதான் காலை வாரும்.

முதலில் எஞ்சின். பாயில் ஓடிக்கொண்டிருக்கும்போது நாள்கணக்கில் அதைத் தொட்டிருக்க மாட்டீர்கள். படகு ஆடிய ஆட்டத்தில் டீசல் தாங்கியின் அடியில் கிடந்த கசடு கலங்கி ஃபில்டரை அடைத்திருக்கும். ஃபில்டரைப் பாருங்கள், மாற்றுங்கள், அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் கியர் விழுகிறதா என்றும் பாருங்கள். துறைமுக வாசலில் எஞ்சின் நின்றால் யோசிக்க நேரம் கிடைக்காது.

அடுத்து நங்கூரம். நீண்ட பயணத்துக்காக அதைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருப்பார்கள். சங்கிலி இறங்கும் துளையைத் தண்ணீர் புகாமல் அடைத்திருப்பார்கள். எது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, இருட்டில் கழற்ற முடியுமா என்று கையால் தொட்டுப் பார்த்து வையுங்கள். அவிழ்ப்பது கரை நெருங்கிய பிறகு. எஞ்சின் நின்றுபோனால் நங்கூரம்தான் கடைசிப் பிடி.

மூன்றாவது, கடிகாரம். லங்காவி நேரத்துக்கும் இலங்கை நேரத்துக்கும் இரண்டரை மணி வித்தியாசம். புக்கெட் என்றால் ஒன்றரை மணி. விடியலில் சேருவதாகக் கணக்குப் போட்டுவிட்டு இருட்டில் வந்து நிற்பது இப்படியும் நடக்கும். படகில் உள்ள எல்லாக் கடிகாரங்களையும் ஒரே நாளில் இலங்கை நேரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கப்பல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலாக்கா நீரிணையிலிருந்து வரும் பெரிய கப்பல்கள் தேவேந்திரமுனையைப் பார்த்து மேற்கே போகின்றன. நீங்கள் திருகோணமலைக்கு வடமேற்காக ஏற ஏற அந்தப் பாதை தெற்கே ஒதுங்கிவிடும். காலிக்குப் போகும் படகு என்றால் கதை வேறு. கப்பல் நெரிசலோடு கிரிந்தைக்கு அப்பால் சின்ன ராவணன் கோட்டை, பெரிய ராவணன் கோட்டை என்ற இரண்டு பாறைத்தொடர்களும் குறுக்கே நிற்கும்.

200 மைல்: வேகத்தைத் தீர்மானிக்கும் இடம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: பழக்கமில்லாத துறைக்கு இரவில் போகாதீர்கள். எவ்வளவு வெளிச்சம் தெரிந்தாலும், எத்தனை ஜி.பி.எஸ் இருந்தாலும் போகாதீர்கள். சேரும் நேரத்தைத் தீர்மானிப்பது நீங்கள். அதற்கான இடம் 200 மைல்.

கணக்கு எளிது. காலை 6 மணிக்கு 150 மைல் மிச்சம் இருக்கிறது என்று வைப்போம். 6 நொட்டில் ஓடினால் 25 மணி நேரம். மறுநாள் காலை 7 மணிக்குச் சேருவீர்கள். 5 நொட் என்றால் 30 மணி, மறுநாள் மதியம். 4 நொட்டாக விழுந்தால் முப்பத்தேழரை மணி. மறுநாள் இரவு ஏழரை. ஆக 5 நொட்டுக்குக் கீழே போகும் என்று தோன்றினால் மதியத்துக்குப் பின் அவசரப்படுவதைவிட இப்போதே பாயைக் குறைத்து, ஒரு முழு இரவை வெளியே கழித்து, அதற்கு அடுத்த காலை சேருவது நல்லது. தாமதம் என்று படகில் யாராவது முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

காலையில் சேருவதற்கு நமது கரையில் இன்னொரு காரணமும் உண்டு. கிழக்கிலிருந்து வரும் படகுக்குக் காலைச் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும். கரை, பாறை, அலை உடையும் வெள்ளை எல்லாம் தெளிவாகத் தெரியும். பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு அதே சூரியன் நேரே முகத்தில் அடிக்கும்; கடல் முழுக்கக் கூசும்; வலையின் மிதப்பும் தெரியாது, சின்னத் தோணியும் தெரியாது.

இதே நேரத்தில் மின்வரைபடத்தையும் சரிபாருங்கள். 2014 நவம்பர் 29 அன்று உலகைச் சுற்றும் வோல்வோ போட்டியில் ஓடிய டீம் வெஸ்டாஸ் விண்ட் என்ற படகு, இதே இந்து சமுத்திரத்தில், மொரீசியஸுக்கு வடகிழக்கே உள்ள கார்கடோஸ் கரஜோஸ் பாறைத்திட்டில் இருட்டில் ஏறி உடைந்தது. ஒன்பது பேரும் உயிர் தப்பினார்கள். உலகின் தேர்ந்த கடலோடிகள் அவர்கள். வரைபடத்தைத் திரையில் போதுமான அளவு பெரிதாக்கிப் பார்க்காததால் அந்தப் பாறைத்திட்டின் ஆபத்து அவர்களுக்குப் புலப்படவில்லை. அதனால் நீங்கள் போகப்போகும் கோட்டின் மேல் விரலை வைத்து, முழு அளவில் பெரிதாக்கி, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நகர்த்திப் பாருங்கள். ஒருவர் பார்த்த பிறகு இன்னொருவரும் பார்க்க வேண்டும்.

நித்திரையும் இங்கேதான் முடிவாக வேண்டும். கரை வரப்போகிறது என்ற சந்தோஷத்தில் யாரும் படுக்க மாட்டார்கள். கப்டனே முதலில் விழித்திருப்பார். கடைசி இரவில் முழித்திருக்க வேண்டியவர் அதற்கு முந்தைய பகலில் கட்டாயம் படுக்க வேண்டும். புதியவரான உங்களால் செய்யக்கூடிய பெரிய உதவி, "நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் படுங்கள்" என்று சொல்லி, சொன்னபடி பார்த்துக்கொள்வது. கடைசி நாளுக்குச் சமையலையும் முன்னதாகவே முடித்துவிடுங்கள். சோறும் கறியும் ஒரு சட்டியில், தேத்தண்ணி பிளாஸ்கில். குசினியில் நிற்கும் ஆள் காவலுக்கு உதவ முடியாது.

60 மைல்: தெற்கே இழுபடாமல் வருவது

வாடைக்காலத்தில் நமது கரையோரம் நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடும். டிசம்பர், ஜனவரியில் பலமாக, ஒரு நொட்டுக்கு மேலேயும் இருக்கும். பெப்ரவரிக்குப் பிறகு தளரும், சில நேரம் திசை மாறும். ஆகவே நேற்று இருந்தது இன்றும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். படகின் அணியம், அதாவது முன்முனை, காட்டும் திசைக்கும் ஜி.பி.எஸ் காட்டும் உண்மையான ஓட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மணிக்கொரு தடவை குறித்துக்கொண்டே வாருங்கள். அந்த வித்தியாசம்தான் நீரோட்டம்.

காற்றும் வடகிழக்கு, ஓட்டமும் தெற்கு. இரண்டும் சேர்ந்து படகைத் திருகோணமலைக்குக் கீழே, மட்டக்களப்புப் பக்கம் தள்ளும். அதனால் துறைமுகத்தை நேராகப் பார்த்து வராதீர்கள். பத்து, பதினைந்து மைல் வடக்கே ஒரு புள்ளியைக் குறித்து அதைப் பார்த்து வாருங்கள். மேலே இருந்தால் கடைசியில் காற்றோடு சுகமாக இறங்கலாம். கீழே விழுந்துவிட்டால் ஓட்டத்துக்கு எதிராக ஏறவேண்டும். மட்டக்களப்புக்கு நேரே நிற்கும் படகுக்குத் திருகோணமலை இன்னும் 60 மைல்; 6 நொட் ஓடும் படகு எதிரோட்டத்தில் ஒரு நொட்டை இழந்தால் பன்னிரண்டு மணி நேரம்.

இன்னொன்று, தீவின் உருவம். திருகோணமலையிலிருந்து தெற்கே வர வர நிலம் கிழக்கே வளைந்து வெளியே வருகிறது. இலங்கையின் கிழக்கு முனை அம்பாறை மாவட்டத்துச் சங்கமன்கண்டி. திருகோணமலையைவிட அது முப்பத்தைந்து மைலுக்கும் மேலே கிழக்கே நிற்கிறது. தெற்கே இழுபட்ட படகுக்கு நிலம், எதிர்பார்த்ததைவிட மணிக்கணக்கில் முன்னதாகவே வந்துவிடும். பொத்துவில், திருக்கோவில், கல்முனைக் கரை முழுவதும் தாழ்ந்த மணல்கரை; தூரத்திலிருந்து எச்சரிக்கும்படி அங்கே உயரமாக அதிகம் இல்லை.

இரவில் விடியலுக்காகக் காத்திருக்க வேண்டி வந்தால் படகை மிதக்க விடுவது எப்படி என்று பழகியிருக்க வேண்டும். பெரிய பாயை மடித்துச் சிறிதாக்குங்கள். முன்பாயைக் காற்று வரும் பக்கமாக இழுத்துக் கட்டுங்கள். சுக்கான் சக்கரத்தைக் காற்று வரும் பக்கம் முழுதாகத் திருப்பிக் கட்டுங்கள். சுக்கான் பிடி உள்ள படகு என்றால் பிடியை அதற்கு எதிர்ப்பக்கம். படகு முன்னேறாமல், அலைக்குச் சற்றுச் சரிந்து, அமைதியாக நிற்கும். நின்றாலும் காற்றோடு மெதுவாக நகரும். ஒன்றரை நொட் என்று வைத்தால் பத்து மணி நேரத்தில் 15 மைல், அதுவும் கரையை நோக்கி. அதனால் 40 மைலுக்கு வெளியேதான் இதைச் செய்ய வேண்டும். காவலும் வழமைபோல இருக்க வேண்டும். படகு நிற்கிறது என்று எல்லோரும் படுத்துவிடக் கூடாது.

வலையும் ஆழ்கடல் படகும்

நமது பிள்ளைகள் அந்தப் படகுக்கு உண்மையிலேயே தேவைப்படும் இடம் இதுதான். கரைக்கு வெளியே பல மைல் தூரத்துக்கு ஆழ்கடல் படகுகள் வலை விட்டு இரவு முழுக்க மிதந்துகொண்டிருக்கும். வலை கிலோமீட்டர் கணக்கில் நீளும். நுனியில் ஒரு கொடி, ஒரு சின்ன மினுங்கும் லைட், அவ்வளவுதான். சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் ஏ.ஐ.எஸ் கருவியின் திரையில் அந்தப் படகுகள் தெரியும் என்று நம்பியிருக்க வேண்டாம். கண்ணால்தான் பார்க்க வேண்டும். இரவில் ஒருவருக்குப் பதில் இரண்டு பேர் மேலே நிற்க வேண்டும்.

யாராவது டோர்ச் அடித்தால், அல்லது ஒரு போட் உங்களை நோக்கி வேகமாக வந்தால், வெளிநாட்டுக் கப்டன் பயப்படுவார். பெரும்பாலும் வலையைக் காப்பாற்றத்தான் வருகிறார்கள். வேகத்தைக் குறைத்துத் தமிழில் சத்தமாகக் கேளுங்கள்: "அண்ணன், வலை எந்தப் பக்கம் கிடக்கு?" "தம்பி, கடல் பக்கத்தால சுத்திப் போங்க" என்று பதில் வரும். சிங்களமும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. வாழைச்சேனைப் படகும் இருக்கும், தெற்கிலிருந்து வந்த படகும் இருக்கும். வலை ஒரு குடும்பத்தின் சொத்து. அதை அறுத்துக்கொண்டு போவது எந்த அவசரத்துக்கும் சரியல்ல.

வலை புரொப்பெல்லரில் சுற்றிவிட்டால் உடனே நியூட்ரலுக்கு எடுங்கள். பின்னுக்கு ஓட்டிக் கழற்றப் பார்த்தால் இன்னும் இறுகும். பாய் இருக்கிறது, பாயிலே விலகுங்கள். தண்ணீரில் இறங்கி வெட்டுவது பகலில் மட்டும், எஞ்சின் சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்ட பிறகு, இடுப்பில் கயிற்றோடு.

கரை தெரியும்போது

முதலில் தெரிவது கரை அல்ல, உள்நாட்டு மலைகள். தெளிந்த காலையில் குடும்பிமலை மணல்கரைக்கு முன்பே தலை காட்டும். அதைப் பார்த்துவிட்டு நிலம் தூரத்தில் என்று நினைக்காதீர்கள், தாழ்ந்த கரை அதற்கு முன்னால் கிடக்கிறது. பாலமீன்மட்டில் உள்ள மட்டக்களப்பு வெளிச்சவீடு 1913 இல் கட்டியது, 28 மீட்டர் உயரம். அந்த உயரத்து வெளிச்சம், படகுத் தளத்தில் நிற்பவரின் கண்ணுக்கு வளைந்த கடலைத் தாண்டி அதிகபட்சம் 14 மைலில்தான் தெரியும். திருகோணமலைக்குப் போகும் நீங்கள் அதைக் கண்டால், தெற்கே விழுந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். வெளியே திரும்பி இடம் எடுத்துக்கொண்டு வடக்கே ஏறுங்கள்.

ஆழமானியையும் முழுதாக நம்ப முடியாது. கிழக்கில் கண்டமேடை, அதாவது கரையோரத்து ஆழம் குறைந்த அடித்தரை, ஒடுக்கமானது. ஆழ்கடலிலிருந்து அடித்தரை சட்டென்று ஏறிவிடும். மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 இல் மூழ்கிய ஹேர்மஸ் விமானந்தாங்கிக் கப்பல் கரையிலிருந்து ஐந்து மைல் அளவில் 50 மீட்டர் சொச்ச ஆழத்தில் கிடக்கிறது. ஆழமானியில் எண் விழத் தொடங்கும்போது கரை பக்கத்தில் வந்துவிட்டது என்றே எடுங்கள். மழைக்குப் பிறகு தண்ணீர் பழுப்பாக மாறும். மகாவலி திருகோணமலைக்குத் தெற்கே உள்ள கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு சேர்கிறது. மரக்கட்டைகள் மிதந்து வரலாம்.

போன் சிக்னல் கிடைக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் அம்மாவுக்கு, நண்பனுக்கு எடுப்பார்கள். படகில் ஒரு விதி வையுங்கள்: காவலில் நிற்பவரின் போன் இன்னொருவரிடம். உடம்பைப் படகோடு இணைக்கும் பாதுகாப்புக் கயிற்றையும் கரை தெரிந்தவுடன் கழற்றக் கூடாது. துறைக்குள் போன பிறகு கழற்றலாம்.

துறைக்குள்

திருகோணமலை வாசல் ஆழமானது, அகலமானது; பகலில் வந்தவருக்குச் சிரமம் இல்லை. கோணேஸ்வரம் நிற்கும் செங்குத்துப் பாறை தூரத்திலிருந்தே நல்ல அடையாளம். தெற்குப் பக்கம் ஃபவுல் பொயிண்ட் வெளிச்சவீட்டு முனைக்கு நன்றாக இடம் விட்டு வாருங்கள். சிவப்பு மிதவை உள்ளே வரும்போது இடதுபக்கம், பச்சை வலதுபக்கம். அமெரிக்கக் கரையில் பழகிய கப்டனுக்கு இது தலைகீழ், நினைவுபடுத்துங்கள். வற்றும் பெருக்கும் ஒரு மீட்டருக்குள்தான், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

மஞ்சள் கொடியையும் இலங்கைக் கொடியையும் ஏற்றி, வி.எச்.எஃப் வானொலியின் 16 ஆம் அலைவரிசையில் துறைமுகக் கட்டுப்பாட்டு நிலையத்தைக் கூப்பிட்டு, சொல்லும் இடத்தில் நங்கூரம் போடுங்கள். துறைமுகத்தில் படகின் வேலைகளைப் பார்க்கும் முகவருக்கு முன்கூட்டியே செய்தி போயிருக்க வேண்டும். கடற்படையினர் படகுக்கு வந்து பார்ப்பார்கள். கடவுச்சீட்டு, ஆட்கள் பட்டியல், படகின் பதிவுப் பத்திரம் ஒரே பையில் இருக்கட்டும். வேலை முடியும் வரை யாரும் கரையில் கால் வைக்கக் கூடாது.

நீங்கள் இலங்கையர்தான், ஊர் பக்கத்தில்தான். இருந்தாலும் படகின் ஆட்கள் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும் வரை கப்டன்தான் உங்களுக்குப் பொறுப்பு. பயணம் இங்கேயே முடிகிறது என்றால், குடிவரவு அதிகாரியிடம் உங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டில் முத்திரை விழுந்ததா என்று பாருங்கள். சம்பளமும் கப்டன் கையெழுத்திட்ட கடல் மைல் சான்றும் கைக்கு வந்த பிறகு மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறுங்கள். அடுத்த படகுக்கு அந்தச் சான்றைத்தான் முதலில் கேட்பார்கள்.